பேர் போடாத கேசட்

கல்யாணத்தில் நாதஸ்வரம் ஊதுகிறவனை யாரும் கேட்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருபது வருஷம் மேடை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். பெண் வீட்டார் கண் பந்தியில் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் எங்கே குறை அகப்படும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐயர் கெட்டிமேளத்துக்கு மட்டும் எங்கள் பக்கம் விரலை ஆட்டுவார். எண்பதுகளின் நடுவில், எனக்கு முப்பத்தைந்து வயது நடக்கும்போது, நான் ஊதுவது எனக்கே கேட்காமல் போயிற்று. காது நன்றாகத்தான் இருந்தது. மனசு மரத்துவிட்டது. காலையில் தோடி ஊதியிருப்பேன், மத்தியானம் யாராவது என்ன ராகம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவிலில் எங்களுக்கு அண்ணன் தம்பி செட் என்று பெயர். அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அப்பா இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததால், எங்கள் வாசிப்பு இரண்டு பேருக்கும் பொதுவாகப் போட்ட ஒரே சட்டை மாதிரி ஆகிவிட்டது. நான் ராகத்தில் ஒரு பிடியை ஊதி நிறுத்தினால் அந்த இடத்தில் அவன் எடுப்பான். அவன் நிறுத்தினால் நான் எடுப்பேன். கண் ஜாடைகூடத் தேவையில்லை. எதுவுமே தோன்றாத அந்த நாட்களில்கூட, அவன் எடுக்கிற அந்தக் கணத்தில் மட்டும் உள்ளே ஏதோ ஒன்று லேசாக அசையும். அந்த ஜோடி போனால் நான் வெறும் காற்று என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் ராயகிரிப் பக்கத்துப் பம்பைக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நையாண்டி மேளக்காரர். கோயில் கொடைக்குக் கொடை கரகாட்டத்துக்கு அடிக்கிறவர், என் வயதுதான். மதுரையில் கேசட் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவருடைய நாதஸ்வரக்காரருக்கு மஞ்சள் காமாலை.

"ஒரே ஒரு நாள் வாரும் வே. ஊதிட்டு வந்திரலாம்."

கோயிலிலும் கல்யாணத்திலும் வாசிக்கிறவன் கரகத்துக்கு ஊதுவது என்றால் எங்கள் ஆட்களிடையே கேவலம். அண்ணன் அந்த மேளம் போகிற தெருவில்கூட நிற்க மாட்டான். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கும் ஒரு வேகம் வேண்டும் அல்லவா, அது இல்லை. பேர் போடக் கூடாது, படம் போடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைத்த கதைதான். அண்ணனிடம் மதுரையில் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன்.

சுவரெல்லாம் கயிற்றுப் பாய் அடித்த ஒரு மாடி அறை. ஃபேனை நிறுத்திவிட்டார்கள். நான் என் வழக்கப்படி ராகத்தை மெல்ல விரிக்க ஆரம்பித்தேன். பம்பைக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன வே, பொண்ணு அழைக்கவா வந்திருக்கோம்? குத்தி ஊதும். நாய் வேசம் போட்டாச்சுன்னா கொரைச்சுத்தான் ஆவணும்."

குரைத்தேன். கமகம் கிமகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஊதினேன். வாயில் வைத்து ஊதுகிற சீவாளி கிறீச்சிட்டது. மேல் சுரத்தில் பிசிறு விழுந்தது. ரெக்கார்டு எடுப்பவர் கண்ணாடிக்குப் பின்னால் கையைத் தூக்கினார், பம்பைக்காரர் "பிசிறு கெடக்கட்டும்" என்று கத்திக்கொண்டே அடித்தார். ஒரு பிடி முடிந்தது. நான் நிறுத்தினேன். வேண்டுமென்று நிறுத்தவில்லை. அண்ணன் எடுக்க வேண்டிய இடம் அது. பக்கத்தில் அண்ணன் இல்லை. அந்த வெற்று இடத்தில் பம்பைக்காரர் ஒரு கணம் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து அடித்தார். அந்தப் பாட்டிலேயே நாலு இடத்தில் இப்படி ஆகிவிட்டது. மறுபடி எடுத்துவிடலாம் என்றேன்.

"விட்டதுதான் வே நல்லாருக்கு," என்றார் அவர்.

கேசட் அட்டையில் கரகக்காரி படம் மட்டும் போட்டு வந்தது. ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் அதைத்தான் போட்டார்கள். மேலநீலிதநல்லூர் கொடையில் மைக் செட்டுக்காரர் அதையே திருப்பித் திருப்பிப் போட்டதாகச் சொன்னார்கள். நான் நிறுத்திய இடம் வந்ததும் இளவட்டங்கள் ஒரே குதியாகக் குதித்தார்களாம். எனக்குப் பெருமையும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. யாரோ அடுத்த வீட்டுக்காரன் பாஸான செய்தியைப் போலக் கேட்டுக்கொண்டேன். ஒருநாள் டீக்கடை இரைச்சலில் அண்ணன் அதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "எவம்லே இவன்? மூச்சு இருக்கு, அறிவு இல்ல" என்றான். "எவனோ" என்றேன் நான். அவன் இன்னும் காது கொடுத்துவிடுவானோ என்று பாதி டீயோடு எழுந்துவிட்டேன். அந்த வருஷத்தில் எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அந்தப் பயம்தான்.

தை மாதம் வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்து நாங்கள் மங்களம் வாசித்துவிட்டோம். அண்ணன் நாதஸ்வரத்தை மடியில் போட்டுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் செட்டுக்காரரிடம் போய் ஏதோ சொன்னார்கள். குழாய் ஸ்பீக்கர் எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தது. பாட்டு முதலிலிருந்து, இரைச்சல் எதுவும் இல்லாமல், பளிச்சென்று ஆரம்பித்தது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். நடுவில் எழுந்தால் அண்ணன் ஏன் என்று கேட்பான்.

நான் நிறுத்திய முதல் இடம் வந்தது. அண்ணனுடைய விரல்கள் துணியை விட்டுவிட்டு நாதஸ்வரத்தின் துளைகளில் போய் உட்கார்ந்தன. அவன் யோசித்துச் செய்யவில்லை, விரல்கள் தாமாகவே போயின. இரண்டாவது இடத்திலும் அப்படியே. மூன்றாவது இடம் வருவதற்குள் அவன் கையை எடுத்துவிட்டான். பந்தலில் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடியும் வரை அவன் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு சாதாரணமாகக் கேட்டான். "பல்லுக்கு இப்பம் எப்படி இருக்கு?"

நான் என் சீவாளியைக் கழற்றி டப்பாவில் போட்டேன்.

"கரகத்துக்கு ஊதுனது எனக்குப் பெருசில்லலே. எனக்கு விட்ட எடத்துல கொட்டுக்காரன உக்கார வச்சிட்டியே."

"பழக்கத்துல விட்டுட்டேன்."

"தெரியும். அதாம்லே கஷ்டமா இருக்கு." துணியை மடித்து உறையில் வைத்தான். "போ, பந்திக்குப் போ."

போனேன். சாம்பார், அவியல், அப்பளம், பாயசம் என்று ஒன்று விடாமல் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, ஆனால் இரண்டாம் தரம் பாயசம் கேட்டு வாங்கினேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது. அண்ணன் திட்டியிருந்தால், நாலு பேர் முன்னால் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால், காலில் விழுந்திருப்பேன். அவன் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓர இடம் விட்டு உட்கார்ந்து வந்தான்.

அடுத்த முகூர்த்தத்துக்கு நான் போனபோது அண்ணனுக்குப் பக்கத்தில் அவனுடைய மச்சினர் நாதஸ்வரத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தவிலுக்குப் பின்னால் சுருதிப் பெட்டி கிடந்தது. நான் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அமுக்க ஆரம்பித்தேன். திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். அங்கே போய் மட்டும் என்ன செய்வது?

அண்ணன் கல்யாணி எடுத்தான். பல மாதங்களுக்குப் பிறகு ஒவ்வொரு சுரமும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. மச்சினர் மோசமில்லை, பாடம் உள்ளவர். ஒரு நீண்ட பிடியை அண்ணன் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினான். மச்சினருக்கு அது அங்கே முடிகிறது என்று தெரியவில்லை, காத்திருந்தார். சுருதி மட்டும் கேட்டது. அண்ணன் நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுக்காமலேயே தலையைத் திருப்பி, தவிலுக்கு மேலாக, பின்னால் இருந்த என்னைப் பார்த்தான். கோபமாக அல்ல. எடுலே என்று கேட்கிற பார்வை. என் கையில் பெட்டி இருந்ததைக் கண்டதும் திரும்பிக்கொண்டு அவனே அதையும் ஊதி முடித்தான்.

எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது. கல்யாண வீட்டில் ஆகாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, பெட்டியை விடாமல் அமுக்கினேன்.