ஆ செங் லோரியில் ஏறாத கட்டில்

இந்த நாட்டில் லோரி வேண்டுமென்றால் மின்கம்பத்தைத் தேடிப் போக வேண்டும். நம் ஊரில் டெம்போ நிற்கும் இடத்துக்குப் போவோம், டிரைவரின் முகத்தைப் பார்ப்போம், ஒரு டீ வாங்கிக் கொடுப்போம், பேரம் முடிந்துவிடும். ஈப்போவில் கம்பத்துக்குக் கம்பம் வாடகை லோரி என்று மலாயில் ஒட்டியிருப்பார்கள். அடியில் ஒரு எண். முகம் கிடையாது. கம்பத்தை நம்பி நான் எதையும் செய்தவனில்லை. அதனால் ஜொகூருக்குக் குடிபோவதென்று முடிவானதும், ஜெலாப்பாங்கில் லோரி வைத்திருக்கும் ஆ செங்கைக் கூப்பிட்டேன். என் மளிகைக் கடையை மூடியபோது அலமாரிகளை ஏற்றிப்போன சீனர். எஸ்டேட் பக்கம் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். சாமான் நிறைய இருக்கிறது, ஜொகூர் போக வேண்டும் என்றேன். போலாம் அண்ணே என்றார். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் துறையூர் பக்கத்திலிருந்து வந்தவன். படிப்பு நாலாம் வகுப்பு. லகாட்டில் மாமாவின் எஸ்டேட் கடையில் அரிசி மூட்டைகளின் மேல் படுத்துக் கிடந்தவன், பிறகு சொந்தக் கடை, சொந்த லோரி, ஈப்போவில் கல் வீடு என்று ஆனேன். லோரியை எப்போதோ விற்றுவிட்டேன். யாரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். தினமும் எல்லை தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், ஜொகூர் பாருவில் தன் வீட்டில் வந்து இருக்கச் சொன்னான். ஒருவன் வீட்டில் ஒண்டுவதற்கா இத்தனை பாடுபட்டேன்? அவனுடைய அடுத்த தெருவிலேயே என் காசில் ஒரு வீடு வாங்கினேன். ஆடி முழுக்கக் காத்திருந்து ஆவணியில் நல்ல நாள் குறித்தேன். அந்த நாள் விடியும்போது புது வீட்டில் பால் பொங்க வேண்டும். முந்தின நாள் மதியத்துக்குள் ஈப்போ வீட்டின் சாவியை, அதை வாங்கியிருந்த மலாய் டீச்சரிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் கச்சிதமாகப் போட்ட திட்டம். என் திட்டம் தவறியதில்லை.

அந்த முந்தின நாள் காலை ஆ செங் சொன்ன நேரத்துக்கு வந்தார். முன்வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கட்டிலையும் அடுப்பையும் கண்டதும் நின்றுவிட்டார்.

“அண்ணே, வீடு மாறுறீங்களா? கடை சாமான்னு நெனச்சேன் லா. இந்த மாசம் வீடு மாத்த நான் வர மாட்டேன்.”

வாடகையை ஏற்றப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நானும் வியாபாரிதானே. பேசியதற்கு மேலே போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் முகம் சிவந்துபோனது. காசு விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டு லோரியில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடியைத் தட்டிக் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. அது சீனர்களின் பஞ்சாங்கத்தில் ஏழாம் மாதம். பசித்த ஆவிகள் தெருவில் திரியும் மாதம். அந்த நேரத்தில் குடி மாறினால், வீடில்லாத ஆவிகளும் சாமானோடு ஏறிக்கொண்டு வந்துவிடுமாம். எனக்குத் தெரியாத மாதமா அது? சாலையோரம் காகிதம் எரியும். கூத்து மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விட்டிருப்பார்கள். வருஷா வருஷம் அந்த மாதத்துக்கு ஊதுபத்தி விற்றுக் கல்லாவை நிரப்பியவன் நான். அது என் முகூர்த்தத்தின் மேல் வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை.

கடைசியில் கம்பத்துக்கே போனேன். முச்சந்தியில் வெயிலில் நின்று ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். ஒருவர் எடுக்கவே இல்லை. ஒருவர் அடுத்த வாரம் வருகிறேன் என்றார். இன்னொருவர் சாமான்களைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன், பதிலே இல்லை. கோப்பெங் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை வந்தால் மெத்தை போகும். மதியம் தாண்டினால் என் வாக்கு போகும். நாள் தவறினால் எது போகும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

லகாட் எஸ்டேட்டை மூடியபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களை என் லோரியில்தான் ஏற்றி வந்தேன். மேனேஜர் சொன்ன நாளில் காலி செய்ய வேண்டும். அது ஆடி மாதம். யாரும் பஞ்சாங்கத்தைத் திறக்கவில்லை, திறந்து என்ன செய்ய? சாமி படங்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். நாள் பார்த்துக் குடிபோவது சொந்த வீடு உள்ளவனின் உரிமை என்று அன்றைக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நினைத்தேன். என் வாசலுக்கு நான் குறித்த நாளில்தான் போவேன் என்ற வைராக்கியம் அப்போது வந்தது.

வெறுங்கையோடு திரும்பி வந்தபோது ஆ செங் இன்னும் போயிருக்கவில்லை. என் மனைவி செல்லம்மா அவருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். மூடநம்பிக்கை பிடித்த ஆள் என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். அவள் காதில் விழுந்துவிட்டது.

“ஆடியில லோரி வாசலுக்கே வரக்கூடாதுன்னு நின்னீங்களே, அது என்னங்க? அவருக்கு இது ஆடி. அவ்வளவுதான்.”

ஆ செங் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவரும் ஒற்றை லோரியில் தொடங்கி மூன்று வாங்கியவர், தன் நாளைத் தானே பார்க்கிறவர் என்பது அப்போதுதான் உறைத்தது. இறங்கி வந்து, என்னதான் வழி என்று கேட்டேன். அவர் காப்பியை ஆற அமரக் குடித்து முடித்தார்.

“கட்டிலும் அடுப்பும் ஏறினாதான் அண்ணே வீடு மாறினதா அர்த்தம். அது ரெண்டும் இல்லன்னா எல்லாம் வெறும் சாமான். சாமான் நான் ஏத்துவேன்.”

அடுப்பை நம் காரில் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றாள் செல்லம்மா. கட்டில் எந்தக் காரில் போகும்? மூட்டை மேல் படுத்த காலம் முடிந்து, நான் முதன்முதலாக வாங்கிய பொருள் அது. கோப்பெங் தச்சர் கெட்டி மரத்தில் செய்து கொடுத்தது. அதை விட்டுவிட்டுப் போவதா, என் நாளை விடுவதா? சாவி வாங்க வந்த டீச்சரிடம், என் கட்டில் கொஞ்ச நாள் பின்கட்டில் இருக்கலாமா என்று கேட்டேன். வாழ்நாளில் நான் யாரிடமும் இடம் கேட்டதில்லை. அந்தம்மா சிரித்துக்கொண்டே சரி என்றார். முதல் தூறலுக்கு முன் ஆ செங் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.

குறித்த நேரத்தில் பால் பொங்கியது. என் நாள் தவறவில்லை. மாதம் முடிந்ததும் கட்டிலைத் தானே கொண்டு வருவதாக ஆ செங் சொல்லியிருக்கிறார். அதுவரை டீச்சரின் பூனை அதில் தூங்குகிறதாம். என் பஞ்சாங்கப்படி நான் ஜொகூர்க்காரன் ஆகிவிட்டேன். ஆ செங் கணக்கில் இன்னும் ஈப்போவில்தான் குடியிருக்கிறேன். சொந்த வீட்டில், வெறும் தரையில் பாய் விரிக்கிறேன். வடக்கே தலை வைக்கக் கூடாது என்பதால் தெற்கே வைத்துப் படுக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் ஈப்போவும் வடக்கே, துறையூரும் வடக்கே. கால் இரண்டும் அந்தப் பக்கமே நீண்டு கிடக்கின்றன.