நீலப் பள்ளிவாசலுக்கு வெளியே எடுத்த படம்

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தே ஆண்டுகள் போய்விட்டன. நான் எழுதிப் பழகிய ஆள் இல்லை. மொன்றியலில், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவன். வேலையால் வந்து குளித்து, சுவாமிக்கு விளக்கு வைத்துச் சாப்பிட்டால் கண் தானாக மூடிவிடும். இன்றைக்கும் அதே களைப்புத்தான். ஆனால் போன வெள்ளிக்கிழமை கோவிலில் சோற்றுக்கு நின்றபோது, எனக்குப் பின்னால் ஒருவர் மற்றவருக்குச் சொன்னது காதில் விழுந்தது.

"தமையன் செத்துக்கிடக்க, துருக்கியில சாமான் வாங்கித் திரிஞ்சவர் இவர்தான்."

நடந்தது இதுதான். ஊரில் அண்ணைக்கு வருத்தம் கடுமை என்று செய்தி வந்ததும் நானும் மனைவியும் கிடைத்த ரிக்கற்றில் புறப்பட்டோம். இஸ்தான்புல்லில் காலையில் இறங்கினால் இரவுதான் கொழும்புக்கு விமானம். ரிக்கற் போட்ட மகன், "பகல் முழுக்கக் கதிரையில இருந்தால் அம்மாவுக்குக் கால் வீங்கிப்போடும். பஸ்ஸில ஏத்தி ஊர் காட்டிப்போட்டுத் திருப்பிக் கொண்டந்து விடுவினம். போங்கோப்பா" என்று அதற்கும் பெயர் பதிந்துவிட்டான்.

பஸ் பழைய மதில் ஓரமாகப் போகும்போது அண்ணையின் மகன் ஃபோன் எடுத்தான்.

"சித்தப்பா, அப்பா போயிட்டார்."

"இரவு ஏறிடுவன் தம்பி. நாளைக்குப் பின்னேரம் அங்கை நிப்பன்."

"ஓம், வாங்கோ. வைச்சிருக்கிறம்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பகலைக் கழித்தேன். முகத்தை எப்படியும் பார்த்துவிடலாம்.

வழிகாட்டி ஓர் இளம் பெண். மொன்றியலிலிருந்து வந்தவர்களுக்காகப் பிரெஞ்சில் கதைத்தாள். முந்திப் போகிற விமானம் ஏதும் உண்டா என்று அவளைக் கொண்டு விசாரித்தேன். எங்கோ ஃபோனில் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். இல்லை.

"இஞ்சருங்கோ, அங்கை போயிருந்து அழுறதும் இஞ்சையிருந்து அழுறதும் ஒண்டுதான். பேசாமல் இருங்கோ" என்றாள் மனைவி. மற்றவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பயணம் வந்த சனத்தின் சந்தோசத்தை ஏன் கெடுக்க வேண்டும்? அவர்கள் கடைத்தெருவில் இறங்கிச் சாமான் வாங்கினார்கள். நாங்கள் பஸ்ஸிலேயே இருந்தோம். செத்த வீட்டுச் செய்தி கேட்டால் குளிக்க வேண்டும். நான் போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் தலையில் தெளித்துக்கொண்டேன்.

பிறகு பெரிய நீலப் பள்ளிவாசல். எல்லோரும் உள்ளே போகத் தயாரானார்கள். நானும் மனைவியும் வெளி வாசலோடு நின்றுவிட்டோம். கூடப்பிறந்தவர் செத்தால் எங்களுக்குத் துடக்கு. முப்பத்தொரு நாள் கோவில் வாசல் மிதிப்பதில்லை. அது அவர்களுடைய கோவில்தான், ஆனால் உள்ளே இருக்கிறவர் கடவுள்தானே. எனக்கு இரண்டு சட்டம் தெரியாது.

எந்தச் சமயத்தவரும் வரலாம், பயப்பட வேண்டாம் என்றாள் அந்த வழிகாட்டிப் பெண். தக்காளி விற்கிற பிரெஞ்சை வைத்துக்கொண்டு துடக்கை எப்படி விளங்கப்படுத்துவது? "என் அண்ணன். இன்றைக்கு. கடவுள் வீடு, நான் போகக் கூடாது" என்றேன். எங்களில் ஒருவர் இறந்தால் இந்த முற்றத்துக்குத்தான் கொண்டுவந்து வைத்துத் தொழுவோம் என்று மெதுவாகச் சொன்னாள். என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு உள்ளே போனாள். நான் முற்றத்தின் பக்கம் திரும்பி நின்று, நமசிவாய என்று அண்ணைக்காகச் சொன்னேன்.

நாங்கள் உள்ளே போகவில்லை என்று கண்டதும் எல்லோரும் தங்கள் பைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சுற்றிவர இனிப்புப் பெட்டி, கண்ணாடி விளக்கு, சுருட்டிய கம்பளம். கதிரை இல்லை. கால் கடுத்ததால் அதற்குள்ளேயே குந்தினேன்.

மொன்றியலுக்குப் பக்கத்துப் புரோசார்ட்டிலிருந்து வந்த ஒரு தமிழ்த் தங்கச்சிதான் முதலில் வெளியே வந்தா. "அண்ணை, அக்கா, இஞ்சை பாருங்கோ! அரைக்கடை உங்களிட்டைத்தான் இருக்குது" என்று ஃபோனை நீட்டினா. படம் எடுக்கிறார்கள் என்றால் என் வாய் தானாகச் சிரித்துவிடும். சிரித்திருக்கிறேன். அவவுக்கு ஒன்றும் தெரியாது. அவவில் பிழையே இல்லை. தன் ஆட்களுக்கு அவ அனுப்பிய அந்தப் படம், நாங்கள் அங்கிருந்து வெளிக்கிட முந்தியே வாட்ஸ்அப்பில் கைமாறி ஊருக்குப் போய்விட்டது.

மறுநாள் பின்னேரம் அண்ணை வீட்டு வாசலில் நாங்கள் வந்த வான் நின்றபோது கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணையைக் காலையிலேயே சுடலைக்கு எடுத்துவிட்டார்கள். அண்ணையின் மகன் மொட்டைத் தலையோடு வந்து எங்கள் பைகளைப் பார்த்தான்.

"கனக்கச் சாமானோ சித்தப்பா? நீங்கள் அங்கை சந்தோசமா நிக்கிறியள் எண்டு கண்டாப் பிறகுதான், இனி ஆருக்குக் காவல் இருக்கிறது எண்டு எடுத்தனாங்கள்."

பைக்குள் இருந்தது எங்கள் உடுப்பும், ஆஸ்பத்திரியில் கால் குளிருது என்று அண்ணை சொன்னதற்காக வாங்கிய கம்பளிக் காலுறையும். தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த பிள்ளையோடு நியாயம் கதைக்க எனக்குச் சீவன் இல்லை. பேசாமல் கிணற்றடிக்குப் போனேன். அதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள் போல. அன்றிலிருந்து அவன் என் ஃபோனை எடுப்பதில்லை. திவசத்துக்கும் அறிவிப்பதில்லை. நான் இங்கே செயின்ட்-மிஷேலில், என் வீட்டில் விளக்கு வைத்து அண்ணைக்குப் படைக்கிறேன்.

அந்தப் படம் இன்னும் சுற்றுகிறதாம். அனுப்புகிறவர்கள் அனுப்புங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து அனுப்புங்கள். என்னை நல்லவனாக்க ஒரு வரி கூட்ட வேண்டாம். அண்ணையின் பிள்ளைக்கு நோகும் என்று அவன் கேட்டதைக் குறைக்கவும் வேண்டாம். உள்ளபடியே அவன் கைக்குப் போய்ச் சேரட்டும்.