கரையைப் பார்த்து நின்ற கப்பல்

கப்பலைப் படம் எடுப்பதில் அந்த நாளில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. எங்கள் ஊர் மண்ணூர். கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அறுப்பு முடிந்து கழனி காலியானதும் நான் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறிவிடுவேன்.

"தண்ணியப் பாக்கணும்னா செம்பரம்பாக்கம் ஏரி கீதே, காசிமேடு வரைக்கும் இன்னாத்துக்குப் போற?" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். ஏரிக்குச் சரக்குக் கப்பல் வரும்போது சொல்லியனுப்புங்கள் என்பேன்.

நான் எடுப்பது சாயங்காலம் மட்டும்தான். காலையில் வெயில் கப்பலுக்குப் பின்னாலிருந்து அடிக்கும். படத்தில் வெறும் கறுப்புதான் விழும். மதியம் சாய்ந்து வெயில் நம் முதுகுப் பக்கம் வந்துவிட்டால், கப்பலின் பேர், புகைபோக்கியின் நிறம், துரு வழிந்த கோடு எல்லாம் பளிச்சென்று தெரியும். காலையில் எடுக்கிறவனை நான் ஒரு ஆளாகவே மதித்ததில்லை.

என் மனைவியின் தம்பி ஒரு சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் இவள்தான். அவன் கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியேறிய சாயங்காலம் நான் கரையில் நின்று எடுத்த படம் அருமையாக வந்திருந்தது. பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவள் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"போறவன் முதுகப் படம் புடிச்சி வூட்ல மாட்டுவாங்களா? வரும்போது எடுங்க."

எங்கள் வீடுகளில் கிளம்புகிறவர்கள்கூட 'போறேன்' என்று சொல்வதில்லை, 'வரேன்' என்றுதான் சொல்வார்கள். வெளிச்சத்தை மட்டுமே பார்த்த எனக்கு அது தோன்றவில்லை.

மாதக்கணக்கில் அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவள் அழவில்லை. ரேடியோவில் புயல் என்று சொன்னால் மட்டும் கைவேலை அப்படியே நின்றுவிடும். எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ள மாட்டேன்.

மறு வருஷம் நவரை நெல் அறுப்பு முடிந்த கோடையில் காசிமேட்டுக் கரையிலிருந்து அவன் போன கப்பலைப் பார்த்தேன். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டு நின்றிருந்தது. நங்கூரம் போட்ட கப்பல் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாயங்காலம் கடற்காற்று என்பதால் அதன் முதுகுதான் கரையைப் பார்த்திருந்தது. வெளிச்சம் பிரமாதம். ஆனாலும் நான் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். காலையில் கரைக்காற்று அடிக்கும்போது அது நம் பக்கம் திரும்பும் என்றும் சொன்னேன். அவள் மறுநாள் முதல் பஸ்ஸுக்கே என்னைக் கிளப்பிவிட்டாள். கூடவே அவளும் வந்தாள்.

கப்பல் கரையைப் பார்த்து நின்றது. வெயில் கண்ணைக் குத்தியது. கப்பலில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

"சாயங்காலம் எடுக்கலாம், இப்ப ஒண்ணும் விழாது" என்றேன்.

"சாயங்காலம் திரும்பிக்கும்னு நீங்கதான சொன்னீங்க. இப்பதான் நம்மளப் பாத்துக்கினு கீது. எடுங்க."

எடுத்தேன். நினைத்தபடியே கறுப்பாக விழுந்தது. அதைத்தான் அவள் கூடத்தில் மாட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் அதைப் பார்த்துத்தானே என் கைத்திறனை எடை போடுவார்கள் என்று எனக்கு எரிச்சல்.

சில நாளில் கப்பலுக்கு இடம் கிடைத்து, தம்பி வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். பையைக்கூட இறக்காமல் படத்தின் முன்னால் நின்றான்.

"இன்னா மாமா, பேருகூடத் தெரியல. எங்க கப்பல்தானா இது?"

வெளிச்சத்தைப் பற்றி விளக்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அடுப்பங்கரையிலிருந்து வந்துவிட்டாள்.

"பேரு கெடக்கட்டும். வருதா, போவுதா, அதச் சொல்லு."

அவன் கிட்டே போய்ப் பார்த்தான். "வருதுக்கா" என்றான்.

அத்தனை மாதமும் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.