இராக்கம்மா குரல் கொடுத்த மூன்று பிள்ளைகள்

இலங்கையின் ஊவா மலைநாட்டில், கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் இராக்கம்மா பெற்றது ஒரே ஒரு பிள்ளை. கடதாசிப்படி நான்கு. மற்ற மூன்றும் நெதர்லாந்தில் சீஸ் தின்று வளர்ந்தவை. "வலிக்காமப் பெத்தவ இந்த ஊவாவுலயே நான் ஒருத்திதான்" என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறாள். போன வருடம் வரை அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. வேலைக்குப் போகுமுன் கூடும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும்போது, காய்ச்சலில் படுத்தவளுக்காகப் பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுப்பாள். அன்றைய சம்பளக் கணக்கில் பேர் விழுந்துவிடும், காய்ச்சல்காரி பிறகு மலைக்கு வந்து சேர்ந்துகொள்வாள். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. பொய் என்பது, கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை சொல்வது.

1986இல் பளபளச் சட்டை போட்ட தரகர் ஒருவர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்தார். "புள்ளைய வெளிநாட்டுக்குத் தத்துக் குடுக்கணும், பெத்தவகிட்ட ஐடென்டி இல்ல. தாய்னு உன் பேரக் கூப்புடுவாங்க, நீ வந்து ஆமான்னு மட்டும் சொல்லு" என்றார். அந்த லயத்தில் அப்போது பாதிப் பேருக்கு நாடும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. இருபத்திரண்டு வயது இராக்கம்மாவிடம் அட்டை இருந்தது. பெரட்டில் நிற்பதுபோலத்தான் நீதிமன்றத்திலும் நின்றாள். மூன்று தடவை, மூன்று பிள்ளைகளுக்கு, "ஆமாங்க." கிடைத்தது மூன்று பால்மா டின். ஒன்றில் மா கட்டிபட்டிருந்தது.

போன மாசியில் அந்த மூவரில் ஒருத்தி வந்து நின்றாள். பேர் யோஹானா. மொழிபெயர்க்க, பதுளையில் ஆங்கிலம் படிப்பிக்கும் நளீரா டீச்சர் கூட வந்திருந்தார். கையில் இருந்த சான்றிதழில் தாயின் பேர் இராக்கம்மா. யோஹானா வாசலிலேயே அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். மகள் விஜயலெட்சுமி வாயைப் பிளந்தபடி தேத்தண்ணி ஊற்றினாள். பாதி கோப்பைக்கு வெளியே போனது.

உண்மையைச் சொல்லத்தான் இராக்கம்மா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அழுது முடிப்பதற்குள் தாயாகிவிட்டிருந்தாள்.

"தான் பொறந்த நாள் எப்படி இரிந்திச்சிண்டு கேக்கிறா" என்றார் டீச்சர்.

"மழைங்க."

இந்த மலையில் அது எந்த நாளுக்கும் பொருந்தும்.

யோஹானா ஒரு கொப்பியை எடுத்தாள். "இவட மகளுக்குச் சொகமில்லயாம்" என்றார் டீச்சர். "தாய்வழியில என்ன வருத்தம் இரிக்கிண்டு டொக்டர் கேட்டாராம். உங்களுக்கு என்ன இரிக்கி?"

"சீனி வருத்தம் இருக்குங்க. முழங்காலு வேற..."

ஒரு கையால் இராக்கம்மாவின் கையைப் பிடித்தபடி யோஹானா எழுதத் தொடங்கினாள். பேனா ஓடுவதை இராக்கம்மா பார்த்தாள்.

"ஐயோ, எழுதாதம்மா! டீச்சர், அந்தப் பேனாவப் புடிங்க! அது என் சீனிங்க. அந்தப் புள்ள தலையில அத எதுக்குக் கட்டணும்? நான் இவளப் பெறலங்க."

அந்த மூன்றில் பெண்பிள்ளை இவள் ஒருத்திதான்; பெற்றவள், தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில் இருந்த பெரியாயி. வழக்கு நடந்தபோது, மார்பில் பால் கட்டி, நீதிமன்றத்துக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். பிறகு வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். அதற்குமேல் இராக்கம்மாவுக்குத் தெரியாது. யோஹானா அவள் கையை விட்டாள். கொப்பியில் எழுதியதை வெட்டினாள். கோபமாக ஒரு வார்த்தை சொன்னாள். டீச்சர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

பழைய தத்துக் கோப்புகளைத் திருத்த, பதுளையில் ஓர் அதிகாரி வாக்குமூலம் எடுப்பதாக டீச்சர் சொன்னார். இராக்கம்மா வந்து கையெழுத்து வைத்தால்தான் பெரியாயியைத் தேடும் வேலை நகரும்.

"என்னைய உள்ள போட்டுருவாங்களா?"

"எனக்குத் தெரியா. பொய் சொல்ல ஏலாது."

போகவேண்டிய காலையில் முழங்கால் வீங்கியிருந்தது. ஜெயில் பயம் வேறு. விஜயலெட்சுமி சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஐடென்டியக் குடும்மா. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. நான் போயி ஒம்பேர்ல சொல்லிட்டு வாறேன்."

இராக்கம்மா மகளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த வேல பாத்துத்தாண்டி, எவ புள்ளைக்கோ நான் ஆத்தாளா நிக்கிறேன். கைத்தடிய எடு."

அலுவலகத்தில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். பெரட்டில் கொடுக்கும் அதே குரலில் "இருக்கேங்க!" என்றாள். தூங்கிக்கொண்டிருந்த காவலாளி எழுந்து நின்றார். சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த யோஹானா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

"நீங்கதான் தாயான்னு அன்னைக்கு யாரும் விசாரிக்கலயா?" என்று அதிகாரி கேட்டார்.

"கொழுந்த மூணு எடத்துல நிறுத்துப் பாக்குறாங்க. புள்ளைக்கு ஒரு எடத்துலயும் கேக்கலீங்க."

அதிகாரி படிவத்தின் அடுத்த கட்டத்துக்குப் போனார். "பெத்த தாய் பெரியாயி. அவவோட அடையாள அட்டை இலக்கம்?"

"அது இருந்திருந்தா, அன்னைக்கு நான் எதுக்குங்க கோர்ட்டுக்கு வந்திருப்பேன்?"

அதிகாரி அந்தக் கட்டத்தில் கோடு போடவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதினார். இராக்கம்மா அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, தன் கையெழுத்தை வைத்தாள்.