முனீஸ்வரர் முன்னால் போலந்து வணக்கம்

விமான நிலையம் போகும் வழியில் ரெம்பாவ் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலில் காரை நிறுத்துகிறோம். போலந்தில் இருக்கும் மகளோடு வாழப் போகிறேன். மருமகன் அந்த ஊர்க்காரர். அவருடைய அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்றுதான் எனக்குப் பயம்.

மருமகன் அனுப்பிய பண நோட்டைச் சாமி காலடியில் வைக்கப் பூசாரியிடம் கொடுக்கிறேன்.

“எந்த ஊரு காசுண்ணே?” என்கிறார் பூசாரி.

“போலந்து, மருமகன் ஊரு. அங்கதான் போறேன். இந்தக் காசை ஸ்வோட்டின்னு சொல்லணும்.”

“அங்க வணக்கம் எப்படி?”

“ஜென் தோப்ரி,” முணுமுணுக்கிறேன்.

“சத்தமாச் சொல்லுங்க லா, சாமி ஒண்ணும் சிரிக்கமாட்டாரு.”

கைபேசியைப் பார்த்துத் தனியாகப் பழகியதை முதன்முறையாக வாய்விட்டுச் சொல்கிறேன். அவர் என் நெற்றியில் திருநீறு பூசியபடி, “ஜென் தோப்ரி! சம்பந்தியம்மாவும் இதானே சொல்லுவாங்க?” என்கிறார்.

“ஆமா.”

“அப்ப பாதிப் பேச்சு முடிஞ்சிருச்சிண்ணே.”

டயருக்கடியில் பூசாரி வைத்த எலுமிச்சம்பழம் நசுங்க, கார் கிளம்புகிறது. கண்ணாடியை இறக்கி அவருக்கு இன்னொரு முறை சொல்கிறேன்.