அபிகாயில் வீட்டு சர்வர்

சிறுசேரியில் கம்பெனி சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அபிகாயில், செம்பாக்கத்து வீட்டிலும் சின்னதாக ஒரு சர்வர் வைத்திருந்தாள். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒரு சமூக ஊடகத்துக்கானது அது. ஆளாளுக்குத் தனி சர்வர் நடத்துவார்கள். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அவளுடையதில் ஏரிக்கரைத் தெருக்காரர்கள் கணக்கு வைத்திருந்தார்கள்.

ஏரியில் கழிவுநீரைக் கொட்டும் லாரிகளை அவள் படமெடுத்துப் போட்டதும் வம்பு தொடங்கியது. லாரிகள் முகிலனின் மச்சானுடையவை. முகிலன் பழைய நிலக்காரக் குடும்பம்; நலச்சங்கச் செயலாளரும் அவன்தான். சங்கக் கூட்டத்தில் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இன்னா மேடம், உன் லாரி படத்துக்கு வெளி சர்வர்ல இம்மாம் பதில் கீது. உன்னுதுல பாதியக் காணோம். உன்னத் திட்டினா அழிச்சிடுவியா?"

"நான் எதையும் அழிக்கல சார். வெளி சர்வர்ல அவங்களுக்குள்ள பேசிக்கிறது நமக்குத் தானா வராது."

"நல்லா வுடற கதை!"

கூட்டம் சிரித்தது. அவள் காது மடல் எரிந்தது.

சனிக்கிழமை காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விட்டுப்போன பதில்களை மற்ற சர்வர்களில் தேடி எடுத்துவர இலவசமாக ஒரு ப்ரோக்ராம் இருந்தது. அதை இறக்கி, தன் சர்வரின் அனுமதிச் சாவியைக் கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை தானாக ஓடும்படி நேரம் குறித்தாள்.

"உன்னைத் திட்டினதைத் தேடிக் கொண்டுவரவா இது?" என்றான் கணவன் காலேப். "விட்டுத் தொலை அபி."

"வரட்டும். அழிச்சேன்னு சொன்னான் இல்ல?"

வந்தது. வந்தேறி என்றது ஒன்று. அவள் போகும் சர்ச்சின் பெயரை இழுத்து அசிங்கமாக எழுதியது இன்னொன்று. ஒவ்வொன்றாகப் படித்தாள். நடுவில் முகிலன், கூட்டம் முடிந்த அன்றே ஒரு நண்பனுக்கு எழுதிய பதில்: 'இங்க எழுதறது அங்க வராதாம், அவளே சொன்னா. லாரி எப்பவும் போல வரும். இவள மொதல்ல ஊர விட்டு ஓட்டணும்.'

அவள் படிப்பதற்குள் தெருவே படித்துவிட்டது. மாலையில் முகிலன் கேட்டை உதைத்துக்கொண்டு வந்தான்.

"அந்தக் கருமத்த நிறுத்து! நான் எழுதினத அழி!"

"அழிக்கிறேன்னுதானே சண்டைக்கு வந்த? அழிக்க மாட்டேன். போய் வெளிய நில்லு."

'சார்' போனதை அவன் கவனித்தான். தெருவும் கவனித்தது.

புகார் மாநகராட்சிக்குப் போய் லாரிகள் நின்றன. ஆனால் அவளுக்கு நன்றி சொன்னவர் எவருமில்லை. தெரு மானத்தை வாங்கிவிட்டாள் என்று பாதிப்பேர் அவள் சர்வரிலிருந்து கணக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஞாயிறுதோறும் அவளோடு ஒரே ஆட்டோவில் சர்ச்சுக்கு வந்த பக்கத்து வீட்டு ஷீலாகூட இப்போது தனி ஆட்டோ பிடிக்கிறாள். அடுத்த தேர்தலிலும் முகிலனே செயலாளர்.

ப்ரோக்ராமை அவள் நிறுத்தவில்லை. வசவு வந்துகொண்டே இருக்கிறது. பஸ்ஸில் அதைப் படிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறாள்.