பந்து கிளம்பிய பின் ஒரு நொடி

கான்பூரில் கிரிக்கெட்டை இந்தியில் சொல்ல முடியும் என்று முதலில் நிரூபித்தவர், வாழ்நாளில் மட்டையைத் தொட்டதில்லை. சிவாதார் துவிவேதி கல்லூரியில் பழைய கவிதை நடத்தியவர். ஐம்பதுகளின் கடைசியில் வானொலிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு, ஆங்கில வருணனையாளர் தேநீர் குடிக்கும் பத்து நிமிடங்களைக் கொடுத்தார்கள். அதற்குள் விக்கெட் விழுந்துவிட்டால் அவர் கோப்பையை வைத்துவிட்டு ஓடிவந்து மைக்கைப் பிடுங்கிக்கொள்வார். ஆறு வருடம் துவிவேதி யாருமே ஆட்டமிழக்காத கிரிக்கெட்டை வருணித்தார். ஆனாலும் மில் வாசல்களிலும் வெற்றிலைக் கடைகளிலும் ஆள் கூடியது அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான். பிறகு பாதி நேரம் அவருக்கென்று ஆயிற்று.

அவரை நாடறியச் செய்தது ஒரு நிறுத்தம். "பந்து கிளம்பிவிட்டது..." என்பார். ஒரு நொடி மௌனம். கேட்பவன் வாயில் வெற்றிலை அசையாது. அதன் பிறகுதான் நான்கோ, ஒன்றோ, விக்கெட்டோ. நாடகம் தெரிந்த மனிதர் என்று பத்திரிகைகள் எழுதின. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் அதே இடத்தில் நிறுத்திப் பரிசு வாங்கினார்கள்.

உண்மை என்னவென்றால், துவிவேதிக்குப் பந்து தெரியவில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கண் மங்கிக்கொண்டே வந்தது. வெள்ளைச் சட்டைகள் தெரியும், ஓடுவது தெரியும், பந்து மட்டும் கிடையாது. ஓட்டக் கணக்கு எழுதும் முன்ஷி லால்தா பிரசாத் நிகம் பக்கத்தில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் துவிவேதியின் மணிக்கட்டில் விரல் வைப்பார். ஒரு அழுத்தம் என்றால் ஒன்று. உள்ளங்கை என்றால் நான்கு. இரண்டு தட்டு என்றால் ஆறு. விக்கெட் என்றால் நகத்தால் ஒரு கிள்ளு. அந்தச் சேதி வந்துசேரும் நேரம்தான் அந்த நிறுத்தம்.

கண்ணைக் கடன் கொடுத்தவரிடம் பணிவாக இருப்பார் என்று நினைப்பீர்கள். துவிவேதி நேர்மாறு. வெளியாட்கள் எதிரில் முன்ஷியைப் 'பென்சில்' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு டெஸ்டின் நான்காம் நாள் மாலை. மறுநாளோடு முன்ஷிக்கு ஓய்வு. ஆங்கில வருணனையாளர் ஆட்ட முடிவில் தன் கணக்காளரின் பெயரைச் சொல்லி நன்றி கூறுவது வழக்கம். இந்திப் பக்கம் அந்த வழக்கம் கிடையாது. முன்ஷி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பண்டிட்ஜி, நாளைக்கு முடிக்கறப்ப எம் பேரை ஒரு தடவை..."

"எதுக்கு? நீ கூட்டல் போடறே. எட்டாங்கிளாஸ் பையன் போடுவான். அவன் பேரையெல்லாம் நாடு கேக்கணுமா?"

"ரேடியோ பக்கத்துல உக்காரச் சொல்லி உன்னாவ்ல மருமக வீட்டுக்கு லெட்டர் போட்டுட்டேன், பண்டிட்ஜி."

"அப்ப உக்கார வேணாம்னு இன்னொரு லெட்டர் போடு."

ஐந்தாம் நாள், கடைசி ஒரு மணி நேரம். நம் கடைசி ஜோடி எப்படியாவது தாக்குப்பிடிக்கப் பார்க்கிறது. முன்ஷி இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பென்சில் மட்டும் எழுதியது.

"பந்து கிளம்பிவிட்டது..." என்றார் துவிவேதி.

மணிக்கட்டில் ஒன்றும் வரவில்லை. மைதானம் அலறியது. இரண்டு நொடி, ஐந்து நொடி.

வெற்றிலைக் கடையில், "இன்னிக்கு என்னமா நிறுத்தறாருய்யா பண்டிட்ஜி!" என்று ஒருவன் தொடையில் தட்டினான்.

துவிவேதி மேஜைக்கு அடியில் தடவி முன்ஷியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அது வெறும் துணியாகவே இருந்தது, சேதி எதுவும் தரவில்லை. இனி ஊகிப்பது ஒன்றே வழி. இத்தனை அலறல் என்றால் கதை முடிந்திருக்க வேண்டும்.

"ஆட்டமிழந்தார்! ஸ்டம்புகள் சிதறின! எல்லாம் முடிந்தது!"

பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிக் கூட்டத்துக்குள் விழுந்திருந்தது. மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் காதில் டிரான்சிஸ்டர். கண் ஆறு என்றது, காது அவுட் என்றது. முதலில் ஒரு மூலையில் சிரித்தார்கள், அப்புறம் சுற்றிலும். அந்தச் சிரிப்பு மைக்குக்குள் போய் அதே டிரான்சிஸ்டர்கள் வழியாகத் திரும்பி வந்தது, அதற்கும் சிரித்தார்கள்.

ஆங்கில வருணனையாளர் கோப்பையை வைத்துவிட்டு வந்து மைக்கை எடுத்துக்கொண்டார். விழாத ஒரு விக்கெட்டுக்காக அவர் எழுந்து வந்தது அந்த ஒரு தடவைதான்.

"ஏன்யா பென்சில், கையைக் கழட்டி வீட்ல வெச்சுட்டு வந்தியா?" என்றார் துவிவேதி.

"என் வேலை கூட்டல்தானே, பண்டிட்ஜி? ஆறு. கூட்டிட்டேன்."

அமளியில் அன்று ஆங்கிலக் கணக்காளருக்குக்கூட யாரும் நன்றி சொல்லவில்லை. உன்னாவில் காத்திருந்த சம்பந்திகள் கேட்டது சிரிப்பு மட்டும்தான். அடுத்த பருவத்தில் துவிவேதிக்கு நிலையத்திலிருந்து அழைப்புக் கடிதம் வரவில்லை. ரகசியத்தை முன்ஷியே கடை கடையாகச் சொன்னார். பொறாமையில் உளறுகிறான் என்று ஊர் அவரைத்தான் திட்டியது.

துவிவேதியின் இடத்துக்கு வந்தவன் முப்பது வயதுக்காரன், பருந்துக் கண். நேயர்கள் பழைய பாணியை எதிர்பார்க்கிறார்கள் என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள்.

முழுக் குருடாகிவிட்ட துவிவேதி ஒருநாள் கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பந்து கிளம்பிவிட்டது..." என்றது ரேடியோ. அப்புறம் மௌனம்.

"இவன் எதுக்குடி நிறுத்தறான்? இவனுக்கும் கண்ணு போச்சா?"

"உங்க பாணியாம். எல்லாரும் அப்படித்தான் பேசறாங்களாம்," என்றாள் மனைவி.

இன்னும் இரண்டு பந்து கேட்டார்.

"சகிக்கல. அணைச்சுடு."